இருபத்தெட்டு அடி

மண்டபம்,
பிப்ரவரி 11

அன்பு மகன் தவ்ஃபீக்குக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் உம்மாவும் அல்லாஹ்வின் அருளால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் காலிதாவும் பேத்தி யும்னாவும் குறையில்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை தம்மாம் திரும்புகிறார், அவர் கையில் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசாமல் காகிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் புது மனையில் எத்தனை அடிக்குப் போர் இறக்கலாம் என்று நீ மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் லைன் சரியில்லை என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

என் தங்கை, உன் மாமி நூர் நிஷா வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டது என்று மட்டும் உனக்குச் சொல்லியிருந்தோம். எப்படி ஆனது என்று சொல்லவில்லை. போன மே மாதம் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது, பதினொரு வீடு இறைக்கிற கிணறு, விடிவதற்குள் வாளி தரை தட்டியது. கிணற்றுக்குள் கையாலேயே குழாய் இறக்குகிற கைபோர் போடலாம் என்று உச்சிப்புளி முனியசாமியை வரவழைத்தோம். எத்தனை அடி என்று என்னைக் கேட்டார்கள். முப்பத்தொரு வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவன், பத்தொன்பது வருஷமாக மாதம் முதல் தேதி அந்தக் கிணற்றில் நூல் விட்டு அளந்து நோட்டில் எழுதுகிறவன், என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பார்கள். நானும் இரண்டு நாள் நோட்டைப் புரட்டி, கூட்டிக் கழித்து, இருபத்தெட்டு அடி என்று சொன்னேன். நம் கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும், ஒன்பதாம் வகுப்புக்கு முட்டையை மிதக்கவிட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் நல்ல தண்ணீர் எத்தனை அடி கனத்துக்கு நிற்கிறது என்று நோட்டில் எங்கும் இல்லை. நான் அளந்ததெல்லாம் மேல்மட்டம்தான். தெரியாத இடத்தில் ஓர் எண்ணை வைத்தேன், எண் என்பதால் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

பதினெட்டு அடியில் முனியசாமி கையை நிறுத்தினார். குழாயில் கருமணலும் சிப்பித் தூளும் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டி, சிப்பி வருது சார், இதுக்குக் கீழ என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாது, நிப்பாட்டிக்கிடலாம், உங்களுக்குத் தெரியும்னா சொல்லுங்க, இறக்குறேன் என்றார். கிணற்றைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள், நூர் நிஷாவும் நின்றாள். எனக்கும் தெரியாது முனியசாமி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நம் தெரு பாக்கர், ஏலே, சாருக்கே பாடம் எடுக்கியா என்று சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள். நான் எவ்வளவு பயந்தவன் என்று உனக்குத் தெரியும், பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூடக் கூசுகிறவன். பயந்தவனுக்கு அந்த இடத்தில் தெரியும் என்று தலையை ஆட்டுவதுதான் சுலபமாக இருந்தது. ஆட்டினேன்.

இருபத்தெட்டு அடிக்கு இறக்கியதும் இரண்டு மாதம் தண்ணீர் பொங்கியது. ஜும்ஆ முடிந்து வருகிறவர்கள் நின்று எனக்கு சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜூலைக் கடைசியில் ஒரு நாள் மாமி வீட்டில் பால் திரிந்தது, பிறகு பருப்பு வேகவில்லை, பிறகு முருங்கை இலை ஓரம் கருகியது. துளையைக் களிமண் போட்டு அடைத்துப் பார்த்தோம், ஐப்பசி மழையும் பெய்து பார்த்தது, உப்பு இறங்கவில்லை. முனியசாமிதான் சொன்னதற்கு மேல் இறக்கிவிட்டான் என்று பாக்கர் பேசத் தொடங்கினான், தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. நான் மறுக்கவில்லை. ஆறு மாதமாக அந்த மனிதருக்கு நம் பக்கம் ஒரு வேலையும் கிடையாது. தெரியாது என்று சொன்னவருக்கு அந்தக் கூலி, தெரியும் என்று தலையாட்டியவனுக்கு இன்னும் சலாம்.

போன மாதம் பள்ளிவாசல் வாசலில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டேன், ஆழம் சொன்னது நான், எனக்குத் தெரியாமல் சொன்னேன் என்று. கேட்டவர்கள், சாருக்குப் பெரிய மனசு, அடுத்தவன் பழியைத் தன் தலையில போடுறார் என்றார்கள். அதில் ஒருவர் அங்கேயே, தன் மகள் வீட்டுக்கு எத்தனை அடி சார் என்று கேட்டார். உச்சிப்புளிக்குப் போய் முனியசாமியிடமும் சொன்னேன். உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். விடுங்க சார், நீங்களே சொன்னாலும் யாரு நம்பப்போறா என்றார். நல்ல தண்ணீர், பாதியோடு கீழே வைத்தேன்.

நூர் நிஷாவிடம் கடைசியாகப் போனேன். அவள் மட்டும்தான் நம்பினாள். முனியசாமி சொன்னப்ப ஒங்க மூஞ்சியப் பார்த்தேன் காக்கா, அப்பவே தெரியும், நீங்க தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லுவீகன்னுதான் நின்னேன் என்றாள். தள்ளுவண்டியில் நாலு குடத்தை வைத்துக்கொண்டு தெருமுனைக் குழாய்க்குப் போய்விட்டாள். அறுபத்து மூன்று வயது அவளுக்கு. நான் தள்ளுகிறேன் என்றேன், விடவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நம் மனையில் எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. முனியசாமி நம்பரைக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நீயே கூப்பிடு. அவரும் தெரியாது என்றுதான் தொடங்குவார், அவர் நிறுத்து என்கிற இடத்தில் நிறுத்திக்கொள். என் பெயரைச் சொல்லாதே, பரிகாரமாகத் தருகிற வேலை என்று நினைத்துக் கூச்சத்தில் மறுத்துவிடுவார். யும்னா எதையாவது கேட்டு உனக்குத் தெரியவில்லை என்றால் அதைத் தெரியாது என்றே சொல், குழந்தை உன்னைக் குறைத்து நினைக்காது. மருந்தை வேளைக்குச் சாப்பிடு, காலிதாவிடம் எரிந்து விழாதே. மாமிக்குப் போன் செய்தால் கிணற்றைப் பற்றிக் கேட்காதே.

அல்லாஹ் உங்கள் மூவரையும் நோய் நொடியில்லாமல் வைத்திருப்பானாக. இந்த மாதம் முதல் தேதியும் போய் நூல் விட்டு அளந்தேன், பழக்கம் விடவில்லை. தரைமட்டத்திலிருந்து ஏழு அடி நாலு அங்குலம் கீழே தண்ணீர் நிற்கிறது. பத்தொன்பது வருஷத்தில் பிப்ரவரி மாதம் இவ்வளவு உயரத்தில் நின்றதே இல்லை. இறைக்க ஆளில்லை.

உன் வாப்பா,
மு. சதக்கத்துல்லா