மூன்று நாள் லீவு

அண்ணாச்சி,

குற்றாலத்தில் ஒரு வீட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். இன்று காலை அந்த வீட்டுப் பெரியவருக்கு முதுகு தேய்த்துவிட எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தேன். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய மணம். மைனி உங்களுக்குக் காய்ச்சிக் கொடுத்த அதே பக்குவம். உள்ளங்கையில் ஊற்றிய எண்ணெயோடு அப்படியே நின்றுவிட்டேன். என்ன தம்பி என்று பெரியவர் கேட்டார். சாரலில் கை குளிர்ந்துவிட்டது, சூடு பண்ணுகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

உங்கள் தென்காசி வீட்டில் நான் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். செங்கோட்டையில் லாரி லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து, நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சியே இல்லாத உடம்போடு கிடந்தீர்கள். கைகளில் பாதிப் பலம் மிச்சம் இருந்தது. கரண்டி பிடிப்பீர்கள், போன் பிடிப்பீர்கள். தானாகப் புரண்டு படுக்க மட்டும் முடியாது. படுத்துவிட்ட புருஷனுக்கும் சேர்த்துச் சம்பாதிக்க, மைனி ஒன்பது மணிக்கு ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்பினால் திரும்ப எட்டு மணி ஆகிவிடும். பகல் முழுக்க நாம் இரண்டு பேர்தான்.

முதல் நாள் உடம்பு துடைக்கத் துணியை விலக்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டீர்கள். பல நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உங்களைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஒரு நாள் நான் தோளைப் பிடித்துப் புரட்டும்போது திடீரென்று உங்கள் குரல் கேட்டது. “லெஃப்ட்ல வா, இன்னும் வா... போதும்லே, நிறுத்து.” என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து உங்கள் உடம்புதான் லாரி, நான் டிரைவர், நீங்கள் வழி சொல்லும் கிளீனர். ஆரியங்காவு மலைப்பாதை வளைவுகளை எல்லாம் அந்தக் கட்டிலிலேயே ஏறி இறங்கினோம்.

பிறகு சுரண்டையில் என் தங்கச்சி கல்யாணம் வந்தது. அப்பா இல்லாத வீடு, பந்தல் முதல் பந்தி வரை நான்தான் நிற்க வேண்டும். மூன்று நாள் லீவு கேட்கவே எனக்குத் தயக்கம். நீங்கள்தான் விரட்டினீர்கள். “ஏலே, உனக்கு இருக்கது ஒரே தங்கச்சி. நான் எங்கன ஓடிரப் போறேன்? போயிட்டு வா.” முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவனை என் இடத்தில் விட்டு, எப்படிப் புரட்டுவது, எங்கே தலையணை வைப்பது என்றெல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனேன்.

மூன்று நாளும் மத்தியானம் உங்களுக்குப் போன் போட்டு, ஆள் வந்திருக்கிறானா என்று கேட்டேன். மூன்று நாளும் ஒரே பதில்தான் வந்தது. “இங்கனதான் இருக்கான். எல்லாம் சரியா நடக்கு. நீ கல்யாணத்தப் பாரு.”

நான்காம் நாள் காலையில் வந்து உங்களைப் புரட்டினேன். முதுகெலும்பு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்திருந்தது. உங்களுக்கு வலி தெரியவில்லை. உடனே, நான் விட்டுப் போனவனுக்குப் போன் போட்டேன்.

அவன் முதல் நாள் பதினொரு மணிக்கே, கேரளாவில் வேறு வேலை கிடைத்தது என்று கிளம்பிப் போயிருக்கிறான். நீங்கள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அடுத்த இரண்டு நாளும், அவன் பத்து மணிக்கு வந்துவிடுவான் என்று சொல்லி மைனியையும் கடைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். ஸ்டூலில் இருந்த சாப்பாட்டை நீங்களே எடுத்துச் சாப்பிட்டு, சாய்ந்தவாக்கில் மூன்று பகல் அசையாமல் கிடந்திருக்கிறீர்கள். இரவில் துடைத்துவிடும்போது அந்த இடம் சிவந்திருந்ததைப் பார்த்த மைனி, சூட்டுக் கொப்புளம் என்று நினைத்துப் பவுடர் போட்டிருக்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டுத்தான் கேட்டேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

“சொன்னா, தாலி கட்டுததுக்கு முன்னாலயே நீ பஸ் ஏறிருப்ப. எனக்குத் தெரியும்லா.”

ஏறியிருப்பேன், அண்ணாச்சி.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். புண் எலும்பு வரை போய்விட்டது, ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். அங்கேயும் நான்தான் உங்களைப் புரட்டினேன். கடைசி வாரத்தில் நீங்கள் வழி சொல்லவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, அவனைக் கொண்டுவந்து விட்டது நான்தானே என்று மைனியிடம் அழுதேன். அவர் அழவில்லை. “அவுக எங்கிட்டயும்தான் பொய் சொன்னாக. உன்னைய மட்டும் என்ன சொல்ல?” என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

தங்கச்சியின் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. பந்தல் ஓரமாக, காதில் போனை வைத்துக்கொண்டு நான் சிரித்தபடி நிற்கிறேன். அவள் ஆசையாகக் காட்ட வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டிவிடுகிறேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. இப்போதெல்லாம் லீவில் போனால், படுத்திருப்பவரிடம் எதுவும் கேட்பதில்லை. அங்கே நிற்கிற ஆளிடம் போனைக் கொடுக்கச் சொல்வேன். அவன் குரலைக் கேட்ட பிறகுதான் வைப்பேன். தங்கள் பேச்சை நம்பவில்லை என்று சிலருக்கு வருத்தம். என்னிடம் பிரியமாக இருப்பவர்கள் என்றால், இரண்டு தடவை போன் போடுகிறேன்.