வார் மாட்டாதவன்

27-4-1961, வியாழன்
பாராசூட் சிப்பாய் ராயப்பராஜ் ஆக்ராவிலிருந்து லீவில் வந்திருக்கிறான். தோள்பட்டை எலும்பு முறிந்து, கட்டுப்போட்ட கை கழுத்தில் தொங்குகிறது. வானத்திலிருந்து விழுந்தவன் என்று திண்டுக்கல்லே போய்ப் பார்க்கிறது. போன மாதம் நான் சைக்கிளிலிருந்து விழுந்தேன். ஒரு நாய் பார்த்தது.

30-4-1961, ஞாயிறு
மாதா கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். ராயப்பராஜுக்கும் சகாயராணிக்கும் கல்யாணம். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் சகாயராணி! மூன்று வருடமாக அவளுக்குப் புத்தகம் இரவல் தருகிறேன். எதற்கென்று அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் அறிவிக்க வேண்டுமாம். பொறாமை தடையில் சேருமா?

3-5-1961
பிரியாணிக் கடையில் அவனைச் சுற்றிக் கூட்டம். விமானத்தில் பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்து இடுப்பில் வார் மாட்டிக்கொள்ள வேண்டுமாம். உத்தரவு வந்தால்தான் அவிழ்க்கலாமாம்.
“ஏலே அப்பு, குதிக்கப் போறவன எதுக்குடா கட்டி வைக்கிறாய்ங்க?” என்றார் கடைக்கார அப்துல் ஜப்பார்.
“வண்டி குலுங்கும் பாய். ஒருத்தன் மாட்டலேன்னா அடுத்தவன் மேல போயி விழுவான்.”
சொல்லிவிட்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடக்கமாம். அதற்கும் கூட்டம் கூடுகிறது.

7-5-1961, ஞாயிறு
இரண்டாம் ஓலை. தலைவலி.

9-5-1961
அவனுடைய பட்டாளத்து மிக்கேல்ராஜை ரயிலடியில் பார்த்தேன். ராயப்பராஜுக்கு அடிபட்ட அன்றைக்கு விமானம் தரையை விட்டே கிளம்பவில்லையாம்! ஓடும்போதே சட்டென்று பிரேக். வார் மாட்டாமல் உட்கார்ந்திருந்த ராயப்பராஜ் பறந்துபோய் முன்னால் இருந்தவன் மேல் விழுந்திருக்கிறான். அந்த முன்னால் இருந்தவனுக்கு முழங்கால் போய்விட்டது. ஆக, வானமும் இல்லை, வீரமும் இல்லை. இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

10-5-1961
சகாயராணி வீட்டுக்குப் போனேன். அவள் நன்மைக்காகத்தான் — வேறெதற்கு? சொன்னேன்.
“தெரியும் சார். பொண்ணு பாக்க வந்தன்னிக்கே, காப்பியத் தொடுறதுக்கு முன்னாடி சொல்லிட்டாரு. அந்த முழங்காலப் பத்திச் சொல்றப்ப அழுதாரு. அதுக்கப்புறந்தான் நான் சரின்னேன்.”
நான் கடைசியாகத் தந்த புத்தகத்தை எடுத்துவந்து நீட்டினாள்.
“மூணு வருசமா நீங்க ஏதோ சொல்ல வாரீங்கன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் வாயத் தொறந்தீங்க. அதுவும் அவரப் பத்தி.”
எப்படி வீடு வந்தேன்? தெரியவில்லை. மடையா, மடையா.

14-5-1961, ஞாயிறு
மூன்றாம் ஓலை. தடை சொல்ல யாரும் எழவில்லை.
சாயங்காலம் ராயப்பராஜ் வந்தான். “அண்ணே, வாழ்த்து மடல் நீங்க எழுதினாத்தான் நல்லாருக்கும்னு சகாயராணி சொல்லுது.”
உட்காரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மணமகனுக்குப் பன்னிரண்டு வரி, மணமகளுக்கு நான்கு. அவளுக்கு ஐந்தாவது வரி எழுதப் பயமாக இருந்தது.