சிவப்புக் குடை, முதல் பதிப்பு

சதுரங்கப்பட்டினம்
12.10.1997

அன்புள்ள ஹெலனுக்கு,

தேவ கிருபையால் நலம். நீ ஞாயிற்றுச் சந்தையில் வாங்கி அனுப்பிய பழைய பட அஞ்சலட்டை கிடைத்தது. ரைன் நதிக்கரை, படகுத்துறை, குடை பிடித்த பெண். ஆனால் குடை நீலம்! அப்படியென்றால் இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பில் சிவப்பு. எப்படியாவது தேடிப் பிடி.

ஒரு வேண்டுகோள், கோபித்துக்கொள்ளாதே. அட்டையின் பின்னால் இனி எதுவும் எழுதாதே. எழுதினால் என் சேகரிப்பில் அதற்கு மதிப்பு போயிற்று. உறையில் வைத்து அனுப்பு.

உன் ஞானதாஸ்


கொலோன்
8.2.1998

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். நாளெல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றுவிட்டு வந்து, அட்டையின் பின்னால் உங்களுக்கு நாலு வரி எழுதுவதுதான் எனக்குப் பேச்சுத்துணை. அதற்கும் தடை போட்டுவிட்டீர்கள். போகட்டும். இதோ மூன்றாம் பதிப்பு. இதில் அந்தப் பெண்ணையே எடுத்துவிட்டார்கள். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூனோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். நீங்கள் ‘வா’ என்றால் வந்துவிடுவேன். சொல்லுங்கள்.

ஹெலன்


சதுரங்கப்பட்டினம்
1.3.1998

அன்புள்ள ஹெலனுக்கு,

மூன்றாம் பதிப்பு! லென்ஸ் வைத்துப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். வானத்தின் நிறம்கூட மாறியிருக்கிறது. பக்கத்து வீட்டு சாராள் அக்கா உன்னை விசாரித்தாள்.

வேலை விஷயம் உன் இஷ்டம். ‘உங்களால்தான் போச்சு’ என்று பிற்பாடு நீ சொல்லக் கூடாது. அங்கேயே இருந்தால் சிவப்புக் குடையும் அகப்படலாம், இல்லையா?

உன் ஞானதாஸ்


கொலோன்
19.4.1998

அத்தானுக்கு,

இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சிவப்புக் குடை கிடைத்துவிட்டது. நீங்கள் கேட்டபடி, பின்னால் ஒன்றும் எழுதவில்லை.

ஹெலன்


சதுரங்கப்பட்டினம்
4.5.1998

ஹெலன்,

இது நீ அனுப்பிய அதே சிவப்புக் குடைதான். பின்னால் எழுதுகிறேன், தபால்தலையும் ஒட்டப்போகிறேன். உறை கிடையாது.

மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். சிவப்பு, நீலம், கடைசியில் வெறும் படகுத்துறை. நம் வீடும் அப்படித்தான் இருக்கிறது. ஒரே ஒரு எழுத்து கேட்டாய். வீம்பில் அதைக்கூட எழுதவில்லை.

தபால்காரர் காசிநாதன் நேற்றுக் கேட்டார்: “இன்னா அண்ணாத்த, வெறும் கவராவே வந்துகினு கீது, ஊட்டுக்காரம்மா எப்ப வருது?” பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த அட்டையை அவர் கட்டாயம் படிப்பார். படிக்கட்டும். ஊரே படிக்கட்டும்.

பின்பக்கத்தில் இடம் தீர்ந்துவிட்டது. மீதியைத் திருப்பி, படத்தின் மேல், வானத்தில் எழுதியிருக்கிறேன்:

கையெழுத்துப் போட்டிருந்தாலும் வா.

ஞானதாஸ்