ஏழாம் நம்பர் இறக்கையில் ஒரு தட்டல்

ஐப்பசி 4, திங்கள்

தூறல். ஓடுபாதை சொதசொத. கடைவாய்ப் பல் வலி. பதினொன்றாம் நம்பர் விமானி வடக்கே போகும்போது கொடுத்த கிராம்பு எண்ணெயும் தீர்ந்தது. நல்ல மனுஷர். போய் எட்டு நாள்.

ஏழாம் நம்பரில் சத்தம் என்று புகார். வேகம் பிடித்தால் வலது இறக்கையில் யாரோ விரலால் தட்டுவது போல, டக் டக் டக். தரையில் எஞ்சினை ஓட்டினால் ஊமை.

பார்த்தவை: கம்பிகள், சரி. ஆணிகள், சரி. உள்ளே மறந்த ஸ்பானர் இல்லை. எலியும் இல்லை.

"முனி தட்டுதுங்க மாமா. இந்தப் பொட்டல்ல முந்தி கோயில் இருந்துச்சாமுங்க," என்கிறான் செங்கோடன். என் மனைவி நல்லம்மாவின் தம்பி. நூல் பஞ்சத்தில் குமாரபாளையத்துத் தறி நின்றதும் அவள் நச்சரிப்பு தாங்காமல் நான்தான் இங்கே சேர்த்துவிட்டேன். இறக்கைக்குத் துணி போர்த்தித் தைக்கிறான். பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

ஐப்பசி 5, செவ்வாய்

வெயில். எங்கள் வெள்ளைக்காரத் துரை என்னையே விமானத்தில் ஏறிக் கேட்டு வரச் சொன்னார். பஸ்ஸில் சங்ககிரி போனாலே வாந்தி எடுப்பவன் நான்! கீழே காவிரி தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மூடியதும் நன்றாகக் கேட்டது. இரும்பு இல்லை. துணி மரத்தில் அடிக்கிறது. இறங்கி வாந்தி. வீட்டில் சொல்லவில்லை.

ஐப்பசி 6, புதன்

துரை சேலம் போயிருந்தார். நானும் செங்கோடனும் இறக்கையில் தையலை மூடி ஒட்டிய மேல்நாடாவைக் கிழித்தோம். துணியை மரச்சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் மெழுகு நூலில் தையலுக்குத் தையல் முடிச்சு வேண்டும். ஒன்று அறுந்தாலும் அடுத்தது நிற்கும். இங்கே ஒரே ஓட்டம். நடுவில் அறுந்து நாலு தையல் தளர்ந்திருக்கிறது.

"முடிச்சுப் போடச் சொன்னேனே?"

"ரெண்டு முனையிலயும் போட்டேனுங்களே மாமா. நடுவுல முடிச்சுத் தெரிஞ்சா அது என்ன வேலைங்க? துணியில முடிச்சுப் பார்த்தா எங்கய்யன் கையை ஒடிச்சுப்போடுவாருங்க."

வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஆனால் நாடா ஒட்டிய பிறகு விரலை ஓட்டிப் பார்த்தவன் நான். முடிச்சு விரலில் தட்டியிருக்க வேண்டும். வழவழவென்று இருந்தது. வேலை சுத்தம் என்று மெச்சிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்னும் நாலு தையலை உருவிவிட்டு, பக்கத்து விமானத்தின் விசிறிக் காற்றில் காட்டினோம். தட்டல் நின்றுவிட்டது. துணி உப்பி மேலேயே நின்றது, மரத்தைத் தொடவில்லை. அடுத்த நிமிஷம் ஒரு முழம் கிழிந்தது.

அவன் தைத்தவை மூன்று விமானங்கள். ஏழு. கொட்டகையில் ஒன்று. வடக்கே போன பதினொன்று.

மாலை துரை, "கண்டுபிடித்தாயா?" என்றார். "இன்னும் பார்க்கிறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

வீட்டில் நல்லம்மா அழுகை. "யுத்த காலமுங்க. வேணும்னே பண்ணினான்னு ஜெயில்ல போட்டுருவாங்க. எந்தம்பியைக் காட்டிக் கொடுத்துப்போடாதீங்க."

ஐப்பசி 7, வியாழன்

காலை பத்து மணி. துரையிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். தைத்தது அவன், சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். திட்டவில்லை. "பதினொன்று எங்கே?" என்று மட்டும் கேட்டார். அது போன இடத்துக்கு அவசரத் தந்தி: பதினொன்றைப் பறக்கவிடாதே, வலது இறக்கையில் தட்டல் உண்டா பார்.

ஒரு மணிக்குப் பதில். துரை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நாலு நாளாகத் தட்டல் இருந்ததாம். நேற்று தானாகவே நின்றுவிட்டதாம். சரியாகிவிட்டது என்று விமானி காலை எட்டு மணிக்கு நம் இடத்துக்கே கிளம்பிவிட்டாராம்.

நேற்று மாலை வாயைத் திறந்திருந்தால் போதும்.

மூன்று மணி நேரப் பயணம். எல்லோரும் ஓடுபாதையில் நிற்கிறோம், வடக்கே பார்த்து. காற்று இல்லை. வானம் சுத்தம். எஞ்சின் சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறோம். செங்கோடன் என் காலடியில் உட்கார்ந்து மெழுகு நூலில் முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை.

மணி நாலு.