குளக்கட்டில் புதைத்த பெட்டிகள்

ஒட்டுசுட்டான்,
செப்டம்பர் 14

அன்புள்ள மகள் கௌசலாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மருமகனும் பிள்ளைகளும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் இருந்து திருத்திக்கொண்டே இருப்பார், அதனால்தான் எழுதுகிறேன். போன மாரியில் எங்கள் வீட்டுக்கு நேர் மேலே குளக்கட்டில் வெடிப்பு விழுந்தது உனக்குத் தெரியும்தானே. கட்டு சரிகிறதா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து மூன்று பெட்டிகளைப் புதைத்தார்கள். நிலத்தின் அதிர்வை அவை கேட்குமாம். கேட்கிற பெட்டி என்றதும் கமக்கார அமைப்புத் தலைவருக்கு, அதுதான் உன் அப்பாவுக்கு, அதிகாரம் தலைக்கேறிவிட்டது. பெட்டி கேக்குது, ஒருத்தரும் மூச்சுக் காட்டப்படாது என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். குளக்கட்டு வழியே லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓடக்கூடாது, கோயில் ஸ்பீக்கர் கூடாது, கடைசியில் யானை கலைக்கிற வெடியும் கூடாது. மூன்று கிழமை ஊர் பரீட்சை மண்டபம் மாதிரிக் கிடந்தது. யானைகளுக்கு நல்ல வசதி, எங்கள் வளவில் ஒரு வாழைக்குட்டிகூட மிச்சமில்லை. நான் தகரம் தட்டப் போக அதையும் பறித்துவிட்டார்.

பிறகு பெட்டி பார்க்க வந்த பொறியியலாளர் அஜந்தன் தலையில் கை வைத்துவிட்டார். ஐயா, வண்டி, காற்று, சனத்தின்ரை நடமாட்டம், இதுகளாலை எழும்புற அதிர்வு மண்ணுக்குள்ளாலை என்ன வேகத்திலை போகுது எண்டு பாக்கிறம், வேகம் குறைஞ்சா மண் இளகுது எண்டு அர்த்தம், நீங்கள் ஊரையே நிப்பாட்டி வைச்சா எதை அளக்கிறது, யானை நடந்ததுதான் பதிஞ்சிருக்கு என்றார். அடுத்த நாளே, யார் எப்போது சத்தம் போடுவது என்று அப்பா முறைப்பட்டியல் எழுதத் தொடங்கினார். அதையும் வேண்டாம் என்று அந்தத் தம்பிதான் கும்பிட்டுத் தடுத்தார்.

ஊர் பழையபடி இரைந்தது, ஒன்றரை மாதத்தில் முடிவும் வந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் மண் இளகி மெல்ல மெல்ல இறங்குகிறதாம். மாரி தொடங்கமுன் வீட்டை விட்டு எழும்பட்டுமாம். காணி உறுதி, உடுப்பு, உன் கலியாணப் படம் எல்லாம் கட்டி வைத்துவிட்டேன், கிளிநொச்சியில் தங்கம்மா மாமியும் அறை ஒதுக்கித் தந்துவிட்டா. இவரோ, தலைவரே ஓடினா சனம் என்ன நினைக்கும் என்று முற்றத்தில் கதிரையைப் போட்டுக் குளக்கட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். இந்த மனுசனை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்?

உங்கள் எல்லோருக்கும் எங்கள் ஆசீர்வாதம். குளிருக்குப் பிள்ளைகளின் காதை மூடி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் சுகம் மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதே. அப்பாவோடு சண்டை பிடி, அழு, கத்து. அந்தப் பெட்டிகளைப் போலத்தான் அவரும், சத்தம் இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

இப்படிக்கு,
உன் அம்மா
வீ. விமலேஸ்வரி