மாநாட்டுக்குக் கொண்டுபோன மாத்திரைகள்

செப். 23, செவ்வாய்

மதியத்திலிருந்து மழை. துணி காயவில்லை. பெட்டி பாதிதான் அடுக்கியாயிற்று.

வைத்தவை: முகக்கவசம், கைக்கு ஜெல், தண்ணீரில் கரைகிற வைட்டமின் சி, ஸிங்க் மாத்திரை, நாத்தனார் செல்வி விற்கிற கேப்சூல் ஒரு போத்தல். கட்டுரையை அச்செடுக்கத்தான் மறந்துவிட்டேன்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு அண்ணி. கிருமி கிட்டவே வராதுலா." செல்வி இப்படித்தான். இதெல்லாம் காய்ச்சலைத் தடுக்கும் என்று உறுதி இல்லை, கை கழுவுங்கள், தூங்குங்கள், ஃப்ளூ ஊசி போடுங்கள் என்றார் டாக்டர். ஊசியும் போட்டாயிற்று. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

போன மாநாட்டிலிருந்து இருமலோடு வந்தேன். அந்த வாரமே மகள் யாழினி ஆஸ்பத்திரி வார்டில், மூக்கில் குழாயோடு. அப்போது இன்னும் நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. அந்தக் கட்டிலோரம்தான் பெருமாளுக்கு நேர்ந்தேன். புரட்டாசி முழுக்கச் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. இதுவரை தவறவில்லை.

செப். 24, புதன். தஞ்சோங் மாலிம்

ரயிலில் ஒரே குளிர். பின் சீட்டுக்காரர் ஈப்போவிலிருந்தே தும்மல். வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டேன்.

மாநாட்டு விடுதி அறையில் இன்னொருத்தி. ஃபாரா, தைப்பிங்கில் விரிவுரையாளர். நல்ல பெண். வந்ததிலிருந்து 'காக்', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுகிறாள். இருமுகிறாள். முகக்கவசத்தோடுதான் படுக்க வேண்டும்.

மதியம் கோழி, மீன், சம்பல். எனக்கு வெறும் சோறும் வெள்ளரிக்காயும். தூணோரம் தனியாக உட்கார்ந்தேன். என்னோடு படித்த கவிதா பார்த்துவிட்டாள்.

"என்னாடி, எங்ககூட உக்காந்தா ஒட்டிக்குமா?"

சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள். ஒட்டிக்கும் என்றுதான் பயம். அதை எப்படிச் சொல்வது.

வீடியோ அழைப்பில் யாழினி என் பக்கம் திரும்பவே இல்லை. அத்தை தோளில் முகம். "தூக்கம்லா, வேற ஒண்ணுமில்ல" என்றார் வீட்டுக்காரர்.

செப். 25, வியாழன்

கட்டுரை வாசித்தாயிற்று. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஃபாராவுக்கு இருமல் கூடிவிட்டது. பாவமாக இருந்தது. அவளுக்குச் சரியானால் எனக்கும் நல்லது என்ற சுயநலமும். செல்வியின் போத்தலை நீட்டினேன். வாங்கியதும் ஹலால் முத்திரையைத் தேடித் திருப்பினாள். பொடி எழுத்தை வாய்விட்டு வாசித்தாள்.

"ஹலால், காக். ஜெலத்தின் லெம்பு."

லெம்பு. மாடு. கேப்சூலின் மேல் உறை மாட்டிலிருந்து எடுத்தது.

சோற்றில் மீன் கரண்டி பட்டிருக்குமோ என்று கிளறிக் கிளறிப் பார்த்தவள். இதைத் திருப்பிப் பார்க்கவில்லை. மாத்திரையில் என்ன சைவம் அசைவம் என்று நினைத்திருக்கிறேன். அதுவும் மாடு. சாதாரண நாளிலேயே எங்கள் வீட்டு வாசல்படி ஏறாதது. புரட்டாசி பிறந்த நாளிலிருந்து காலையும் ராத்திரியும் விழுங்கியிருக்கிறேன்.

"மாஆஃப், காக்." ஏதோ தன் தப்பு மாதிரி ஃபாரா மன்னிப்புக் கேட்கிறாள்.

யாரிடம் சொல்வது. வீட்டுக்காரர் சிரிப்பார். செல்வி துடித்துப்போவாள். அத்தையிடம் வாயே திறக்க முடியாது. யா.வுக்காக நேர்ந்தது. இனி அவளுக்கு ஏதாவது வந்தால்?

செப். 26, வெள்ளி. வீடு

தொண்டை சரி. காய்ச்சல் இல்லை. குளித்துவிட்டுத்தான் யா.வைத் தூக்கினேன். முதலில் முறைத்தாள். பிறகு கழுத்தை விடவே இல்லை. சளி இல்லை. நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன், சத்தம் இல்லை.

அத்தை: "வெரதம் சுத்தமா இருந்தீல்ல, அதான் ஒரு நோவும் அண்டல. பெருமாள் பாத்துக்கிட்டாரு."

செல்வி: "பெருமாளும் என் கேப்சூலும்னு சொல்லுங்கம்மா."

எல்லோருக்கும் சிரிப்பு. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "பாப்பா பால் குடிச்சாளா?" என்றுதான் வந்தது.

செப். 27, சனி

நல்ல வெயில். பெருமாள் கோயிலில் கார் நிறுத்த இடமில்லை. வெகுதூரம் தள்ளி நிறுத்தினோம்.

"நீயே விளக்க ஏத்தும்மா. உன் வேண்டுதல்தானே" என்று அத்தை தட்டை நீட்டினார்.

"வீட்டுக்குத் தூரம், அத்தை."

பொய். நாக்கு கூசவில்லை.

"காலையிலயே சொல்லக்கூடாதா? சரி சரி, கார்லயே இரு. புள்ளயக் குடு."

யா. அத்தை இடுப்பில். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்து, இரண்டு கையையும் நீட்டி அழ ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் பூவை ஆட்டி விளையாட்டுக் காட்டினார். அழுகை நிற்கவில்லை. நான் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.