சைக்கிள் கொட்டகையில் நின்ற பிள்ளைகள்

அன்பு மகன் முஸ்அபுக்கு உம்மா சாலிஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வக்து தவறாமல் தொழுது, நல்லபடியாக இருக்க அல்லாஹ் துணையிருப்பானாக. இங்கே நானும் உன் வாப்பாவும் உன் தங்கச்சி சூஃபியாவும் சுகம்தான், உன் வாப்பா என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை. கடைச் சாவி எங்கே என்று மட்டும் கேட்பார், அதையும் சுவரைப் பார்த்துக் கேட்பார், நானும் சுவருக்கே பதில் சொல்லிவிடுகிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் நீ ஒன்பது வார்த்தை குறுக்கே பேசுகிறாய், அப்புறம் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறாய். இதில் நீ குறுக்கே பேச முடியாது. ஃபஸீலா வீட்டு மாப்பிள்ளை லீவு முடிந்து தோஹா வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன், முழுக்கப் படி.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உம்மா, சங்கத்துல எனக்குத் தல காட்ட முடியல, ஒங்க உம்மாதானே தடுக்குறாகன்னு எல்லாரும் கேக்குறாக, கையெழுத்தப் போட்டுருங்க, இல்லாட்டி அந்தத் தலைவி பொறுப்ப யாருட்டயாவது குடுத்துட்டு வீட்டுல இருங்க என்று சொல்லியிருக்கிறாய். நீ தோஹாவில் ஊர்க்காரர்கள் சங்கத்துக்குத் துணைச் செயலாளர் ஆனபோது தெரு முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டவள் நான்தான், அதனால் உன் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டேன். பொறுப்பையும் விட மாட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்பது உன் சங்கம் எனக்குக் கொடுத்த பதவி இல்லை, பெற்றவர்கள் எல்லாரும் கை தூக்கிக் கொடுத்தது. அன்றைக்குத் தூக்கிய கைகளில் பர்தா போட்ட கையும் இருந்தது, மீன் கவிச்சி அடிக்கிற கையும் இருந்தது.

நீங்கள் எல்லாரும் உழைத்த காசில் நம் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டித் தருகிறோம் என்றபோது முதலில் அழுதவளும் நான்தான். சூஃபியாவுக்குக் காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. குடித்தால் எங்கம்மா போக என்று கேட்கிறாள். இருக்கிற ஒரு கழிப்பறைக்குக் கதவு இல்லை, மூத்த பிள்ளைகள் சேலைத் துணியைப் பிடித்துக்கொண்டு ஒருத்திக்கு ஒருத்தி காவல் நிற்கிறார்கள். அதனால் அந்தக் கட்டடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நீ யோசித்துப் பார். வேண்டாம் என்று நான் சொன்னது கட்டடத்தை அல்ல, அதன் வாலில் கட்டி அனுப்பிய நிபந்தனையை. காலைக் கூட்டம் குர்ஆன் கிராஅத்தோடும் துஆவோடும்தான் தொடங்க வேண்டும், அதைக் குழு தீர்மானமாக எழுதித் தலைவி கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம்தான் அஸ்திவாரம் என்று ஜமாஅத் செயலாளர் கனி வந்து சொன்னார். தலைமை ஆசிரியருக்குச் சொந்த ஊருக்கு மாறுதல் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு கவலை இல்லை, ஒரு வாரம் நடத்திப் பார்ப்போமே என்று தலையை ஆட்டிவிட்டார்.

அந்த ஒரு வாரத்தில் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மற்ற மதத்துப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று, ஓதி முடிகிற வரைக்கும் அவர்களைச் சைக்கிள் கொட்டகையில் நிற்கச் சொன்னார்கள். அந்தக் கொட்டகை கேட்டுக்குப் பக்கத்தில் ரோட்டைப் பார்த்து இருக்கிறது, லேட்டாக வருகிற பிள்ளைகளைத் தலைமை ஆசிரியர் நிறுத்துகிற இடம் அது, நீயே எத்தனை நாள் அங்கே நின்றிருக்கிறாய். சூஃபியா டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தாள், அதைக் கொடுக்க நான் போன நேரம் மீனவர் தெரு முருகலட்சுமி மீன் விற்றுவிட்டு வெறும் அன்னக்கூடையோடு திரும்பி வருகிறாள். அவள் மகள் கலைச்செல்வி, ஐந்தாம் வகுப்பு, கொட்டகையில் நிற்கிறது. எட்டு மணிக்கே பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிற பிள்ளை. லேட்டாக வந்து நிற்கிறது என்றுதான் இவள் நினைத்தாள். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், வீட்டவிட்டு வெள்ளனாவே கெளம்புனியேடி, எங்கன சுத்திட்டு வாரே என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அழவும் இல்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, அடியே, அது லேட்டா வரல, உள்ள துஆ ஓதுறாக, அதான் வெளிய நிக்கிது என்று சொல்வதற்குள் இரண்டாவது அடியும் விழுந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் முருகலட்சுமி வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பேன். அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்து, அக்கா, அவ லேட்டாப் போயி நா அடிச்சிருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல, நேரத்துக்குப் போன பிள்ளயப் போட்டு அடிச்சிட்டேன், ஏன்டி சொல்லலன்னு கேட்டா, சொன்னா நீ டீச்சர்ட்ட சண்டைக்குப் போவேன்னு சொல்லுறா என்று சொல்லி அழுதாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் நான் குழுக் கூட்டத்துக்குப் போனேன். கனி எல்லாரையும் பார்த்துச் சொன்னார், நம்ம பிள்ளைகதான் முக்காவாசி, மத்த பிள்ளைக அஞ்சு நிமிசம் ஒதுங்கி நின்னா என்ன கொறஞ்சு போச்சு லாத்தா, மங்கலத்துப் பக்கம் பள்ளிக்கூடத்துல பூசை போடுறாகளே, அத யாரு கேட்டா என்று. நான் சொன்னேன், அப்ப ஒங்க மவ தெனமும் அஞ்சு நிமிசம் அங்கன நிக்கட்டும், எனக்குச் சம்மதம் என்று. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

மங்கலத்துப் பூசையைப் பற்றி எனக்கே வந்து பாடம் நடத்துகிறார். என் வாப்பா ஆர்.எஸ்.மங்கலத்தில் இரும்புக்கடை வைத்திருந்தபோது அங்கே வகுப்பில் நான் ஒருத்திதான் முஸ்லிம் பிள்ளை. சரஸ்வதி பூசை அன்றைக்கு டீச்சர் எல்லார் நெற்றியிலும் குங்குமம் வைத்துக்கொண்டே வந்து, என்னிடம் வந்ததும், ஒனக்கு வேணாம்ல தாயி, நீ செத்த அந்தப் பக்கமா நின்னுக்க என்பார். நல்ல மனுஷி, என்னை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை, மற்றவர்களுக்கு ஒரு கை சுண்டல் என்றால் எனக்கு இரண்டு கை கொடுப்பார். அந்தச் சுண்டலை வீட்டுக்குக் கொண்டுவந்து கோழிக்குப் போட்டுவிடுவேன். யாரும் என்னை அடிக்கவில்லை, வையவில்லை, பிரியமாகத்தான் தள்ளி நிறுத்தினார்கள். ஆனாலும் அன்றைக்கு முழுக்க அது என் பள்ளிக்கூடம் இல்லை, நான் அங்கே விருந்தாளி. அங்கே என்னை நிறுத்தியதற்குப் பதில் இங்கே கலைச்செல்வியை நிறுத்தினால் சரியாகிவிடுமா. அங்கே அது தப்பு என்றால் இங்கேயும் தப்புதான், நாம் செய்தால் மட்டும் மார்க்கம் ஆகிவிடாது.

நான் தீனை விட்டுவிட்டேன் என்று சிலர் பேசுகிறார்கள், உன் காதுக்கும் வந்திருக்கும். இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு குர்ஆன் ஓதிக் கொடுத்தது யார் என்று அவர்களைக் கேள். ஓதுவதற்கு மதரஸா இருக்கிறது, தொழுவதற்குப் பள்ளிவாசல் இருக்கிறது, வீடு இருக்கிறது, அங்கெல்லாம் நம்மை யாரும் தடுக்கவில்லை. சூஃபியா பரீட்சைக்குப் போகும்போது மனசுக்குள் துஆ கேட்டுக்கொண்டுதான் போகிறாள், பக்கத்துப் பிள்ளை பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு போகட்டும், அதில் யாருக்கு என்ன. ஆனால் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் வருகைப் பதிவில் பெயர் இருக்கிற அத்தனை பேரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஒரு பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்கிற துஆவை நான் ஆமீன் சொல்லி முடிக்க மாட்டேன். சதக்கா கொடுக்கிறவன் பதிலுக்கு ஒன்று கேட்டால் அதற்குப் பெயர் வியாபாரம், அதை உன் சங்கத்தில் எடுத்துச் சொல்.

போன வாரம் கனி வீட்டுக் கல்யாணத்தில் என் சஹனில் உட்கார ஒருத்தியும் வரவில்லை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற தட்டு, நான் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போல, நான் பிஸ்மி சொல்லி நிதானமாகச் சாப்பிட்டேன், நல்ல கறித்துண்டு எல்லாம் எனக்கே, தால்ச்சாவைக் கேட்டு இரண்டாம் தரம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன், அதை உன்னிடம் மறைக்கவில்லை. உன் வாப்பா கடையில் வியாபாரம் குறைந்துதான் இருக்கிறது, அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. திங்கட்கிழமை நானும் முருகலட்சுமியும் இன்னும் சில தாய்மார்களும் பஸ் ஏறி ராமநாதபுரம் போய், குறைதீர் கூட்டத்தில் கழிப்பறை கேட்டு மனுக் கொடுத்துவிட்டு வந்தோம். பார்க்கிறோம் என்றார்கள். பார்க்காவிட்டால் அடுத்த திங்களும் போவோம், அவர்களுக்கு எங்கள் முகம் அலுத்துப்போகும் வரைக்கும் போவோம்.

இன்னும் ஒன்று இருக்கிறது, நீ கோபத்தில் அதை யோசிக்காமல் விட்டிருப்பாய். கலைச்செல்வியின் அப்பா யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் ரூமில் உனக்கு அடுத்த கட்டிலில் படுத்திருக்கிற வேல்ராஜ்தான். போன நோன்புக்கு நீ டூட்டி முடிந்து வருவதற்குள் கஞ்சி காய்ச்சி மூடி வைப்பார் என்று சொல்வாயே, அவர். கொட்டகையில் நடந்ததை முருகலட்சுமி இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. ஏன்டி சொல்லல என்று கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே ரூம்புல படுத்து எந்திரிக்கிறாக, தம்பி சங்கத்துல வேற இருக்கு, இதச் சொல்லி அங்கன மனசக் கெடுக்க வேணாம்க்கா என்றாள். மகளை அடித்த வேதனையிலும் உன் மேல் அவர் வருத்தப்படக் கூடாது என்று நினைக்கிறாள்.

உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் நேரான நெஞ்சையும் அல்லாஹ் கொடுக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வேலைக்குப் போகாதே. இத்தோடு வருகிற பையில் உனக்கு இனிப்புக்குத் தொதல் இருக்கிறது, வேல்ராஜுக்கு முருகலட்சுமி கொடுத்த நெத்திலிக் கருவாடு இருக்கிறது, மறக்காமல் அதை உன் கையாலேயே அவரிடம் கொடு. கொடுக்கும்போது, அண்ணே, எங்க சங்கம் கழிப்பறை கட்டுது, அதுக்காக ஒங்க மவ தெனமும் லேட்டா வந்த பிள்ளைக நிக்கிற எடத்துல நிக்கணும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்லிவிட்டு எனக்குப் போன் செய், அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். சொல்ல முடியவில்லை என்றால் எனக்குப் போன் செய்ய வேண்டாம், சங்கத்தில் எழுந்து நின்று பேசு.

உன்னைப் பெற்ற உம்மா,
சாலிஹா,
தலைவி, பள்ளி மேலாண்மைக் குழு.